நிப்லாவுக்கு ஒரு பாதை

என் பெண்சாதி பாஹிமா கலியாண வீட்டுக்குப் போனால் நேரே வீட்டைச் சுற்றியுள்ள வளவின் பின்பக்கத்துக்குத்தான் போவாள். மற்றப் பெண்கள் மணப்பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள். இவள் மதிலைப் பார்ப்பாள். எந்த இடத்தில் உடைத்திருக்கிறார்கள், உடைத்த வழியால் லொறி போகுமா, சைக்கிள் மட்டும்தானா, அது எந்த வீதியில் போய் ஏறுகிறது என்று கையில் போனை வைத்துக்கொண்டு நடந்து நடந்து பார்ப்பாள். நான் நாலைந்து பேரோடு ஒரே சஹன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை பக்கத்தில் இருந்த மனிசர் கேட்டார்: "நளீர், உங்கட பொஞ்சாதி இஞ்சால காணி கீணி வாங்கப் போறாவா?" எனக்கு மானம் போய்விட்டது. புரியாணி தொண்டையில் நின்றது. ஆனாலும் முழுதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்பினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நானும் பாலமுனையிலிருந்து அப்படி வந்தவன்தான். மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் தாயும் தகப்பனும் முன்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்குக் கலியாணம் என்றால் அந்த வீடும் போகும். இன்னும் பின்னால் ஒன்று எழும்பும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிவாசல் வேண்டுமே. வளவின் ஏதாவது ஒரு பக்கத்தில் மதிலை உடைத்துப் பாதை திறப்பார்கள். வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று ஊரெல்லாம் இரண்டு வேலையாகச் சொல்கிறது. இங்கே அது ஒரே வேலை.

நான் சீமெந்துக் கல் அறுத்து விற்கிறவன். கலியாணக் கார்ட் அடிக்கிறதுக்கு முதலே எனக்குக் கல் ஓடர் வந்துவிடும். பாஹிமா பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். மிச்ச நேரத்தில் ஊரின் வரைபடத்தைப் பார்க்கிறாள். கம்பெனிக்காரர்களின் வரைபடம் இல்லை. யாரும் வரையலாம், பிழையைக் கண்ட யாரும் திருத்தலாம், யாரும் காசில்லாமல் பாவிக்கலாம். அப்படி உலகம் பூராவும் உள்ள சனங்கள் சேர்ந்து செய்கிற வரைபடம்.

சும்மா சொல்லக் கூடாது, அதற்கு அடித்தளம் போட்டது அரசாங்கம்தான். பல வருஷத்துக்கு முன்னர் அரசாங்கம் அளந்து வைத்திருந்த வீதி, வீடு, வாய்க்கால் எல்லாவற்றையும் தொண்டர்கள் கேட்டு வாங்கி மொத்தமாக இதற்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். அது இல்லாவிட்டால் எங்கள் ஊர் ஒரு வெள்ளைத்தாளும் அதில் ஒரு பெயருமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அரசாங்கம் அளந்துவிட்டுப் போய்விட்டது, கலியாணங்கள் நிற்கவில்லை. அரசாங்கக் கணக்கில் ஒரு வளவில் ஒரு வீடு இருக்கும். போய்ப் பார்த்தால் அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் வரிசையாக நிற்கும். அந்த இடைவெளியைத்தான் இவள் கலியாணம் கலியாணமாகப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். பார்சல் கொண்டுவருகிற பொடியன்கள், டெங்குப் புகை அடிக்கிறவர்கள், மௌத்தானவரை ஏற்ற வருகிற பள்ளிவாசல் ஜனாஸா வாகனம் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வளவுக்குள் வருகிறார்கள்.

ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அந்த வரைபடம் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கும். இவள் எழுதுவாள்: "பரீனா கலியாணம். பாதை திறந்தது." பரீனா இவளுடைய தங்கச்சி. "முஸ்பிறா கலியாணம். பாதை திறந்தது." அது அடுத்த தெருப் பிள்ளை. எங்கேயோ ஜப்பானில் இருந்து இதைச் சரிபார்க்கிறவன் கல்முனையில் சனங்கள் வேறு வேலை பார்ப்பதில்லையா என்று யோசித்திருப்பான். "உனக்கு இதுக்கு யாரு சம்பளம் தாறா?" என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "நீங்க கல்லு அறுக்கிறதுக்கு வாற சம்பளத்தில பாதி எனக்குத்தானே" என்பாள். வாயால் இவளை வெல்ல ஏலாது.

இந்த வருஷம் அரசாங்கம் புதிதாக அளந்த தரவை வெளியிட்டது. அதையும் வரைபடத்துக்குள் கொண்டுவருவது என்று தொண்டர் குழு முடிவெடுத்தது. எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பு கிருசிகா என்ற பிள்ளை. பாண்டிருப்பு ஆள், கொழும்பில் கணினி வேலை. ஒரு பின்னேரம் வீடியோவில் கதைத்தாள். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பழைய அரசாங்கத் தரவில ஒருத்தரும் கை வைக்காத இடமெல்லாம் மிசினே புதுசா மாத்திரும் அக்கா," என்றாள். "கை வைச்ச இடங்கள்தான் பிரச்சினை. ஒவ்வொரு ஊரிலயும் கொஞ்ச இடத்தை மிசின் எழுமாறா, சீட்டுக் குலுக்கிற மாதிரி எடுத்துத் தரும், நேரில போய்ப் பாப்பம். சரியெண்டா ஊர்ச்சனம் போட்டது நிக்கும். பொய்யா ஒண்டு இருந்தாலும் அந்த ஊருக்கு அரசாங்கத் தரவைத்தான் வைக்கிற. குழு முடிவு."

"பொய்யா ஒண்டு இருந்தாலே எல்லாம் போகுமா?" என்று பாஹிமா கேட்டாள்.

"கல்முனையில உங்கட கைதானே அக்கா கூட. உங்களுக்கு என்ன பயம்?"

பாஹிமாவின் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கோ கோபம். வெயிலில் நடந்து வரைந்தவள் இவள். பரீட்சை வைக்க வருகிறார்கள் கொழும்பிலிருந்து. கிருசிகா போனை வைத்த பிறகு அவர்களை நான் வாயில் வந்தபடி ஏசினேன். பாஹிமா என்னைத் தடுக்கவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது.

"பொய் ஒண்டு இரிக்கு," என்றாள். "நம்மட நிப்லாட பாதை."

நிப்லா பாஹிமாவின் கடைசித் தங்கச்சி, என் மாமியார் றஹீமாவின் கடைசி மகள். வளவில் முன்வீடு எங்களுடையது. அதற்குப் பின்னால் பரீனாவின் வீடு. ஆகக் கடைசியில் சின்ன வீட்டில் றஹீமா மாமியும் நிப்லாவும். நிப்லா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். போன வருஷம் அவளுக்குக் கலியாணம் பொருந்தி நாளும் குறித்தார்கள். பின்மதிலைத் தோணா வாய்க்கால் பக்கத்து வீதிக்கு உடைத்துப் பாதை விடுவது, அந்த மூலையில் வீடு கட்டுவது என்று முடிவு. நாள் குறித்த அன்றைக்கே பாஹிமா பாதையையும் வீட்டையும் வரைபடத்தில் வரைந்துவிட்டாள். எங்கள் ஊரில் அதை யாரும் அவசரம் என்று சொல்ல மாட்டார்கள். வீடு எங்கே, வாசல் எங்கே என்று தெரியாமல் இங்கே யார் நாள் குறிக்கிறார்கள்?

பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். காரணம் கேட்கப் போன எனக்குக் கூல் சோடா தந்து அனுப்பினார்கள். நான் இறக்கி வைத்த கல் மாமியின் வளவில் பாசி பிடித்துக் கிடந்தது. மதில் அப்படியே நின்றது. வரைபடத்தில் மட்டும் மதிலுக்குள்ளால் ஒரு பாதை போய், இல்லாத ஒரு வீட்டில் முடிந்தது.

"அழிக்கிறதுக்கு மனம் வரல்ல," என்றாள் பாஹிமா. "நான் அழிச்சா அவளுக்கு இனி இல்லெண்டு நானே சொன்ன மாதிரி."

"சரி, இப்ப சத்தமில்லாம அழிச்சி விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"பரீட்சை வருதெண்டு களவா அழிக்கிறதா? அதுக்கு அரசாங்கத்திர வரைபடமே இரிந்திட்டுப் போகட்டும்."

இப்படிப்பட்டவளோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

கிருசிகா லீவில் ஊருக்கு வந்தாள். மெலிந்த பிள்ளை, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக நல்லா நடக்கிறாள். மிசின் தெரிவு செய்த இடங்களை இருவரும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார்கள். எனக்கு வேலை இருந்தது. இருந்தும் பின்னால் போனேன். என் பெண்சாதிக்குப் பரீட்சை வைக்கும்போது நான் கல் அறுக்கிற வாடியில் உட்கார்ந்திருக்க ஏலுமா?

எல்லாம் இருந்தது. வரைந்த இடத்தில் வரைந்தபடியே இருந்தது. ஓரிடத்தில் அபுல் ஹஸன் என்ற கிழவர், "இது பாதையும் இல்ல ஒண்டும் இல்ல, என்ட மருமகன் மோட்டார் சைக்கிள் நிப்பாட்டுற இடம்," என்று மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து அவர் பெண்சாதி தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு வந்தா. "பாதை இல்லெண்டா உங்கட மருமகன் எதால வந்தாரு? மேலால பறந்தா வந்தாரு? அது என்ட புள்ளைக்கு விட்ட பாதை, தங்கச்சி, நீங்க எழுதுங்க," என்றா. கிருசிகா சிரித்துக்கொண்டு எழுதினாள்.

அரசாங்கமும் ஓரிடத்தில் இவளை வென்றது. தோணாவுக்கு மேலால் ஆட்கள் நடந்து போக ஒரு சின்னப் பாலம் போட்டிருந்தார்கள். புதிய தரவில் அது இருந்தது, பாஹிமாவின் வரைபடத்தில் இல்லை. இவள் வாடிப்போவாள் என்று பார்த்தேன். இல்லை, பாலத்தின் நடுவில் நின்று சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டாள். "இஞ்ச கலியாணம் ஒண்டும் நடக்கல்ல, அதுதான் எனக்குத் தெரியாமப் போயிட்டு. நல்ல வேலை செஞ்சிரிக்காங்க," என்று அங்கேயே அரசாங்கத் தரவிலிருந்து அதை எடுத்துச் சேர்த்தாள். அரசாங்கத்தைப் பிடிக்காததால் இவள் இதைச் செய்யவில்லை, ஊர் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பின்னேரம் மாமியின் வீட்டில் தேத்தண்ணி. மாமி தான் கிண்டிய தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தா. கிருசிகா லெப்டொப்பைத் திறந்து எல்லாவற்றையும் பதிந்தாள். "ஒரு பிழையும் இல்ல அக்கா. இண்டைக்கே அனுப்பிருவன். கல்முனை உங்கட கையில நிக்கும்."

மிசின் நிப்லாவின் பாதையைத் தெரிவு செய்யவே இல்லை. நான் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு தொதலில் கை வைத்தேன்.

"அனுப்பாதீங்க தங்கச்சி," என்றாள் பாஹிமா. "ஒண்டு பொய். நாம இரிக்கிற இந்த வளவிலதான் இரிக்கு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன். எழும்பிப் போகப் போன பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, பின்மதிலைக் காட்டி, கலியாணம் பொருந்தியது, வரைந்தது, குழம்பியது, அழிக்க மனம் வராதது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. கிருசிகா லெப்டொப்பை மூடினாள்.

"நீ மௌனமா இரிந்திருந்தா முடிஞ்சிரிக்குமே," என்றேன் நான். எனக்கு அடக்க ஏலவில்லை.

"அவங்க என்னய நம்பி எழுதுறாங்க. மத்தப் பாதையெல்லாம் உண்மையெண்டு அவங்க சொல்லப் போறது என்ட வாயை நம்பித்தானே."

அப்போதுதான் வாசலில் நிப்லா நிற்பதைக் கண்டோம். மருந்துக்கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எனக்குத் தெரியும் ராத்தா," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "கடைக்கு வாற மருந்துப் பார்சலைக் கண்டுபிடிக்க நானும் அந்த வரைபடத்தைத்தான் பாக்கிற. ஒவ்வொரு நாளும் கண்ணில படும். நீங்க பாசத்தில வைச்சிரிக்கீங்க எண்டு விளங்கும், அதால சொல்லல்ல. ஆனா அதைப் பாக்கக்குள்ள எனக்கு எவ்வளவு நோகும் தெரியுமா?"

பாஹிமா அழுதுவிட்டாள். தங்கச்சியின் மனம் நோகக் கூடாது என்று வைத்த கோடு அவளை நாளாந்தம் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பாதையை அழித்தாள், வீட்டையும் அழித்தாள். ஏன் மாற்றுகிறாய் என்று வரைபடம் கேட்டது. "இப்படி ஒரு பாதை இல்லை. தவறு என்னுடையது," என்று எழுதினாள்.

கிருசிகா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "நான் இதைக் குழுவுக்குச் சொல்லத்தான் வேணும் அக்கா," என்றாள். அன்றைக்கே சொன்னாள். கொழும்பிலும் கண்டியிலும் கனடாவிலும் இருந்து ஆளுக்கு ஒரு கதை கதைத்தார்கள். அரசாங்கத் தரவையே போடுங்கள் என்றார்கள் சிலர். தானாக வந்து சொன்னவளின் மற்ற வேலையைக் குப்பையில் போடுவதா என்றார்கள் சிலர். கடைசியில், கல்முனையில் பாஹிமா கை வைத்த ஒவ்வொரு பாதையையும் நேரில் பார்த்தால் நிற்கட்டும், கிருசிகாவின் லீவு முடியுமுன் பார்க்க ஏலாவிட்டால் போகட்டும் என்று முடிவு வந்தது.

"பாப்பம்," என்றாள் பாஹிமா. "எல்லாத்தையும் நடந்து பாப்பம்."

என் சின்ன லொறி கல் ஏற்றுவதை நிறுத்தியது. இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க ஓடினேன். மூன்றாவதாக ஒரு ஆளும் வந்து ஏறியது. நிப்லா கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "நானும் வாறன் மச்சான், எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணுமே," என்றாள். நான் லொறியைக் கிளப்பினேன்.

ஒவ்வொரு பாதையின் வாயிலும் கிருசிகா நிறுத்தி, அந்த இடத்தில் பாஹிமா எழுதி வைத்த காரணத்தைச் சத்தமாக வாசித்தாள். "ஹிமாயா கலியாணம். பாதை திறந்தது." உள்ளே இருந்து ஹிமாயா இடுப்பில் பிள்ளையோடு வந்து, "ஓம், நான்தான் ஹிமாயா," என்றாள். இப்படி வீடு வீடாக. தங்கள் பெயர் உலக வரைபடத்தின் கணக்கில் இருப்பது அந்தப் பெண்களில் யாருக்கும் தெரியாது. சிலர் வெட்கப்பட்டார்கள். ஒருத்தி, "என்ட மாப்பிளைட பேரு இல்லையே," என்று கேட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. போகப் போக நாங்கள் போய்ச் சேருமுன்னரே பெண்கள் தங்கள் பாதையில் இறங்கி நின்றார்கள். என் பெண்சாதி கலியாண வீடுகளில் பின்பக்கம் போனதற்காக மானம் போனவன் நான். இப்போது லொறியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பொய்யும் இல்லை. நிப்லாவுடையது ஒன்றுதான். கல்முனை பாஹிமாவின் கையிலேயே நின்றது. ஊர்ச்சனம் கை வைத்த இடத்தில் மிசின் தானாக எதையும் மாற்றக் கூடாது, அங்குள்ள ஒரு ஆளைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று மற்ற ஊர்களுக்கும் ஒழுங்கை மாற்றினார்கள். அப்படி மாற்றச் சொல்லிக் குழுவிடம் கேட்டதே கிருசிகாதான். அவளையும் நான் ஏசியிருக்கக் கூடாது.

கடைசி நாள் எல்லாரும் மாமியின் வீட்டில் சாப்பிட்டோம். பரீனாவும் வந்திருந்தாள். நிப்லா சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உம்மா," என்றாள். "இத்தனை பாதையிலயும் பொம்புளைட பேருதான் இரிக்கு. மாப்பிளைமார்ட பேரு ஒண்டிலயும் இல்ல. எனக்கு விடுறதெண்டு சொன்ன பாதை எனக்கா, அவருக்கா?"

மாமி கறிச் சட்டியைத் தள்ளி வைத்தா. நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மாப்பிள்ளை இல்லாமல் வீடு கட்டுவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத வேலை. பெண்ணுக்கு வீடு என்பது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளை வந்தால்தான் அந்த வீடு எழும்பும். அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, இருந்தும் அப்படித்தான்.

"உனக்குத்தான் மனே," என்றா மாமி கடைசியில். "நான் பெத்தது உன்னயத்தானே." கை கழுவ எழும்பினா. ஜன்னலால் பாசி பிடித்த கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டா: "மருமகன், லொறியில அலவாங்கு இரிக்கா?"

இருந்தது.

அந்த இரும்புக் கம்பியால் பின்மதிலில் முதல் குத்து நிப்லா குத்தினாள். மதில் அசையவில்லை, அது நான் அறுத்த கல், சும்மா விழாது. பிறகு நான் குத்தினேன், பரீனா இடிந்த கல்லைப் பொறுக்கினாள், கொழும்புப் பிள்ளை கிருசிகாவும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து மண் அள்ளினாள். சத்தம் கேட்டு அடுத்த வளவுப் பெண் எட்டிப் பார்த்தா. "என்ன றஹீமா ராத்தா, நிப்லாக்கு மறுகாவும் பொருந்திட்டா? மாப்பிளை எந்த ஊரு?"

"மாப்பிளை வந்தா வாற. வராட்டி அவர்ர பாடு," என்றா மாமி. "என்ட புள்ளைக்கு வீடு கட்டப் போறன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அடுத்த நாளே கதைத்தார்கள், இன்னும் கதைக்கிறார்கள். நான் பாசி பிடித்த கல்லைக் கழுவி அத்திவாரம் போட்டேன்.

மதில் திறந்த அன்று பாஹிமா போனைத் தொடவே இல்லை. நிப்லா கேட்டும், "பொறு," என்றாள். கல்லெல்லாம் அகற்றி, மண் போட்டு மட்டமாக்கி, வீதியில் போய் ஏறும்வரை தங்கச்சியை முன்னால் நடக்க விட்டுப் பின்னால் தானும் நடந்தாள். போய், திரும்பி வந்து, மறுபடியும் போனாள். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் கோட்டை வரைந்தாள். வீட்டை வரையவில்லை, அது இன்னும் எழும்பவில்லையே.

ஏன் மாற்றுகிறாய் என்று வரைபடம் கேட்டது. நான் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிப்லா" என்று எழுதினாள். பழக்க தோஷத்தில் கை "கலியாணம்" என்று தொடர்ந்தது. நிறுத்தி, அந்தச் சொல்லை அழித்தாள்.

"நிப்லா. பாதை திறந்தது."

போனைத் தங்கச்சியிடம் கொடுத்து, "நீயே சேமி," என்றாள்.